கெர்ஷ்வின் மட்டும் படித்தாரா?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகன் கீபோர்டு நன்றாக வாசிப்பான். இப்போது படிப்பை விட்டுவிட்டு முழுநேரமும் மெட்டுப் போடப் போகிறேன் என்கிறான். எதிர்த்துப் பேசினால், ‘ஜார்ஜ் கெர்ஷ்வின் மட்டும் படிப்பை முடித்தாரா?’ என்று அந்த அமெரிக்க இசையமைப்பாளரை இழுக்கிறான். என்ன சொல்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பையன் சொல்வது உண்மைதான் அம்மா. கெர்ஷ்வின் 1914-ல், 15 வயதில் பள்ளியை விட்டவர். மகன் கணக்கராக வேண்டும் என்று ஆசைப்பட்ட அவருடைய அம்மாவும் உங்களைப் போலத்தான் தவித்திருப்பார். ஆனால் பையன் பாதிக் கதையோடு நிறுத்திவிட்டான்.

பள்ளியை விட்ட கையோடு அவர் வேலைக்குப் போனார். நியூயார்க்கில் பாட்டுகளை இசைத்தாளாக அச்சிட்டு விற்கும் கம்பெனிகளின் வட்டாரத்தை டின் பான் ஆலி என்பார்கள். அங்கே ரெமிக் கம்பெனியில் வாரம் 15 டாலர் சம்பளம். வானொலி வராத காலம். ஒரு பாட்டு விற்க வேண்டுமானால் யாராவது அதை வாசித்துக் காட்ட வேண்டும். வருகிற மேடைப் பாடகர்களுக்கெல்லாம் கம்பெனிப் பாட்டுகளை பியானோவில் திரும்பத் திரும்ப வாசிப்பதுதான் அவர் வேலை. பாடுகிறவருக்குச் சுருதி எட்டாவிட்டால் அங்கேயே மாற்றி வாசிக்க வேண்டும். எந்தப் பாட்டு எடுபடும், எது படுத்துவிடும் என்பதை எந்தக் கல்லூரியில் இப்படிக் கற்றுத் தருவார்கள்? சொந்தப் பாட்டு முதலில் அச்சானது 1916-ல், அதுவும் வேறொரு கம்பெனியில். கைக்கு வந்தது 5 டாலர்.

இதற்கிடையே சார்லஸ் ஹாம்பிட்சர் என்ற ஆசிரியரிடம் மேற்கத்திய செவ்வியல் இசையும் படித்தார். 1917-ல் ரெமிக்கை விட்டு, நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் ஒத்திகைகளுக்கு பியானோ வாசித்தார். மறுவருடம் ஹார்ம்ஸ் கம்பெனியின் மாக்ஸ் டிரைஃபஸ், ‘பாட்டு எழுதினால் போதும்’ என்று வாரம் 35 டாலருக்கு அவரை எடுத்துக்கொண்டார். உங்கள் மகன் இன்றே கேட்கும் ‘முழுநேர மெட்டு’ கெர்ஷ்வினுக்கே அப்போதுதான் கிடைத்தது! 1919-ல் வந்த அவருடைய ‘ஸ்வானி’ பாட்டுகூட முதலில் சரியாக விற்கவில்லை. ஆல் ஜோல்சன் என்ற பெரிய பாடகர் அதை எடுத்துப் பாடி, 1920-ல் இசைத்தட்டு வந்த பிறகுதான் ஊரெல்லாம் பரவியது.

எனவே பையனிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். யாரிடம் கற்றுக்கொள்ளப் போகிறாய்? எங்கே சம்பளத்துக்கு வாசிக்கப் போகிறாய்? இரண்டுக்கும் அவனிடம் பதில் இருக்காது என்றே நினைக்கிறேன். சரி, அதற்காக மட்டம் தட்ட வேண்டாம். நல்ல ஆசிரியர் ஒருவரை நீங்களே தேடிக் கொடுங்கள். விடுமுறை நாட்களில் ஏதாவது மெல்லிசைக் குழுவில் வாசிக்கட்டும். பிளஸ் டூவை மட்டும் எப்படியாவது முடிக்க வையுங்கள். நாளைக்கு இசையிலேயே பட்டம் படிக்க நினைத்தாலும் அந்தச் சான்றிதழைத்தான் முதலில் கேட்பார்கள். அப்புறம், குழுவில் 200 ரூபாய் கொடுத்தால் ‘இவ்வளவுதானா?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.