அந்த '1940' என்னுடைய தப்பு

கேட்டவர் கேட்டிருப்பது இது: அமெரிக்கா ஒதுங்கியே இருந்த நாடுதானே, முத்துத் துறைமுகத்தை (ஹவாய்த் தீவிலுள்ள அமெரிக்கக் கடற்படைத் தளம், பேர்ல் ஹார்பர்) ஜப்பான் தாக்காமல் இருந்திருந்தால் இரண்டாம் உலகப் போரில் சேர்ந்தே இருக்காதா? '1940 கடன் குத்தகைச் சட்டம்' இதில் எங்கே வருகிறது?

வழக்கமாக இந்த மாதிரிக் கேள்விகளைத் தாண்டிப் போய்விடுவேன். ஆனால் அந்த 1940 கண்ணில் குத்தியது. சட்டம் கையெழுத்தானது 1941 மார்ச் 11. அதை 1940 என்று போட்டிருக்கும் மெட்டீரியல் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். அதை எழுதியது நான்.

நீங்கள் குரூப் 2-க்குத் தயாராகிறீர்கள், யாரோ டெலிகிராமில் தள்ளிவிட்ட பிடிஎஃப் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். தவறென்றால் மன்னிக்கவும்.

சேர்ந்திருக்குமா, இருக்காதா என்பதை யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் 1941 டிசம்பர் 6 அன்று, அதாவது தாக்குதலுக்கு முதல் நாள், அமெரிக்கா ஒதுங்கி நின்றதா என்று கேட்டால், இல்லை. வாசற்படியைத் தாண்டிக் கூடத்துக்கே வந்தாயிற்று. உட்காரவில்லை, அவ்வளவுதான்.

அவர்கள் ஒதுங்க நினைத்ததைக் கோழைத்தனம் என்று நினைக்காதீர்கள். முதல் உலகப் போரில் அவர்கள் பக்கம் செத்தவர்கள் சுமார் 1,16,000 பேர். எதற்காகப் போனோம் என்ற கேள்வி ஊரெல்லாம் இருந்தது. ஆயுத வியாபாரிகளும் வங்கிக்காரர்களும் லாபம் பார்த்த கதையை 1934 முதல் 1936 வரை செனட்டர் நை தலைமையில் ஒரு குழு தோண்டியது. 1935, 36, 37 என்று வரிசையாக நடுநிலைச் சட்டங்கள். சண்டை போடும் எந்த நாட்டுக்கும் ஆயுதம் கிடையாது, கடன் கிடையாது. 1938 ஜனவரியில் இன்னும் ஒரு படி மேலே. நாட்டின் மீது படையெடுப்பு நடந்தாலொழிய, மக்களிடம் பொது வாக்கெடுப்பு நடத்தாமல் போர் அறிவிக்கக்கூடாது என்று அரசியல் சட்டத்தையே திருத்தப் பார்த்தார்கள். அதைச் சபையில் எடுப்பதா வேண்டாமா என்ற ஓட்டெடுப்பில் 209 பேர் வேண்டாம், 188 பேர் வேண்டும். வகுப்பில் இதைச் சொன்னால் பையன்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவு திறந்தது. 1939 நவம்பரில், காசைக் கையில் கொடு, உன் கப்பலிலேயே ஏற்றிக்கொண்டு போ என்றார்கள். 1940 செப்டம்பரில் பிரிட்டனுக்கு 50 பழைய நாசகாரிக் கப்பல்கள் போயின, பதிலுக்குப் பிரிட்டன் ஆட்சியிலிருந்த வேறு இடங்களில் 99 வருடக் குத்தகைக்குத் தளங்கள் கிடைத்தன. அதே மாதம், போர் இல்லாத காலத்தில் முதல் முறையாகக் கட்டாய ராணுவ சேவை. வருடக் கடைசியில் பிரிட்டன் கையில் டாலர் தீர்ந்துபோகும் நிலை. இங்கேதான் நம் சட்டம் வருகிறது: காசு இப்போது வேண்டாம், தளவாடத்தைக் கடனாகவோ குத்தகையாகவோ எடுத்துக்கொள்.

1940 டிசம்பர் 17 அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் பத்திரிகையாளர்களிடம் ஒரு கதை சொன்னார். பக்கத்து வீடு பற்றி எரிகிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் டியூப் என்னிடம் இருக்கிறது. 'இதன் விலை 15 டாலர், காசை எடு' என்றா கேட்பேன்? நெருப்பு அணைந்ததும் என் டியூபைத் திருப்பிக் கொடு, போதும். விஷயம் இவ்வளவுதான்.

திண்டுக்கல்லில் ஒரு பயிற்சி மையத்தில் மணிக்கு 250 ரூபாய்க்கு வரலாறு எடுத்துக்கொண்டிருந்தேன். (பேராசிரியர் இல்லை, தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே வந்து தோண்ட வேண்டாம்.) ஒரு நாள் இந்தக் கதையைச் சொல்லும்போது, வண்டி நிறுத்துமிடத்தில் பூந்தொட்டிகளுக்குப் போடும் பச்சை டியூபையே மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். இரண்டு இடத்தில் சைக்கிள் டியூப் துண்டால் கட்டுப்போட்டது. உள்ளே மிச்சமிருந்த தண்ணீர் படியெல்லாம் சொட்டி, முதல் பெஞ்சுக்காரனின் நோட்டு நனைந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் சொன்னாள்: "எங்க தெருவுல டியூப் குடுத்தா திரும்பி வராது சார்."

அன்று எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது. ஏனென்றால் செனட்டர் ராபர்ட் டாஃப்ட் எதிர்த்துப் பேசியதும் அதுதான். போர்த் தளவாடத்தைக் கடன் கொடுப்பது சூயிங் கம்மைக் கடன் கொடுப்பது மாதிரி, மென்றதைத் திருப்பி வாங்கி என்ன செய்வது என்றார் மனிதர். அவர் சொன்னதில் தப்பில்லை. கிட்டத்தட்ட 5,000 கோடி டாலர் பொருள் போனது, பெரும்பாலும் திரும்பவில்லை.

மையத்தை நடத்தியவர் மாலையில் கூப்பிட்டார். "சார், டியூபையும் பக்கெட்டையும் தூக்கிட்டு அலைஞ்சா போர்ஷன் எப்ப முடியும்? வருஷத்தைச் சொல்லுங்க, அடுத்ததுக்குப் போங்க." பக்கெட் நான் தூக்கவில்லை.

அந்த ராத்திரிதான் நோட்ஸை எழுதிக் கொடுத்தேன். டிசம்பர் 1940 பேச்சு ஒரு வரியிலும் மார்ச் 1941 சட்டம் அடுத்த வரியிலும் இருக்க வேண்டும். அவசரத்தில் இரண்டையும் ஒரே வரியாக்கி 1940 என்று போட்டுவிட்டேன். டிடிபி செய்தவர் மேல் பழி போட ஆசைதான், ஆனால் கையெழுத்துப் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. அதிலும் 1940தான்.

சரி, 1941-க்கு வருவோம். ஜூலையில் அமெரிக்கப் படை ஐஸ்லாந்தில் இறங்கியது. அதே மாதம் ஜப்பான் தெற்கு இந்தோசீனாவுக்குள் நுழைய, அதன் சொத்துகளை முடக்கினார்கள், எண்ணெயும் நின்றது. ஜப்பான் எரித்த எண்ணெயில் பெரும்பங்கு அமெரிக்காவிடம் வாங்கியது. முத்துத் துறைமுகம் திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை என்பதற்கு இது ஒன்றே போதும். அக்டோபர் 31 அன்று, போரே அறிவிக்காத அமெரிக்காவின் 'ரூபன் ஜேம்ஸ்' என்ற நாசகாரிக் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. குறைந்தது நூறு மாலுமிகள் போனார்கள். போர் வரவில்லை.

இதையெல்லாம் வைத்து, எல்லாம் முன்பே முடிவான நாடகம் என்று கமெண்டில் வராதீர்கள். தாக்குதலை ரூஸ்வெல்ட் தெரிந்தே விட்டார் என்ற சதிக் கதை எனக்கு ஒத்துவராது. நாடு அந்த அளவுக்கு இரண்டாகப் பிளந்திருந்தது. ஆகஸ்ட் 12 அன்று கட்டாய சேவையை நீட்டிக்கும் மசோதா பிரதிநிதிகள் சபையில் 203-க்கு 202 என்று ஒரே ஓட்டில் தப்பித்தது. செப்டம்பரில் விமானி லிண்ட்பெர்க் மேடையேறி, பிரிட்டனும் யூதர்களும் ரூஸ்வெல்ட் அரசும் சேர்ந்து நம்மைப் போருக்குள் தள்ளுகிறார்கள் என்று பேசினார். அது போர் வேண்டாம் என்ற அவருடைய இயக்கத்துக்கே கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது, அது தனிக் கதை. அந்தப் போரில் சோவியத் சிந்திய ரத்தத்தைப் பற்றி ஏன் எழுதவில்லை என்பவர்களுக்கு: கேள்வி அதுவல்ல.

டிசம்பர் 7 தாக்குதலில் 2,400-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். மறுநாள் போர் அறிவிக்கும் ஓட்டெடுப்பு: செனட்டில் 82-0, கீழ்ச்சபையில் 388-1. அந்த ஒன்று ஜானெட் ராங்கின். 1917-லும் போர் வேண்டாம் என்று ஓட்டுப் போட்ட அதே அம்மா. வெளியே வந்ததும் கூட்டத்துக்குப் பயந்து டெலிபோன் பூத்துக்குள் நின்றார். பிற்காலத்தில் காந்தியின் மீதிருந்த பற்றால் பலமுறை இந்தியாவுக்கு வந்துபோனவர்.

ஒன்று கவனியுங்கள், தேர்வுக்கும் உதவும். அன்று அறிவித்த போர் ஜப்பான் மீது மட்டும். மூன்று நாள் பொறுத்து, டிசம்பர் 11 அன்று, ஜெர்மனிதான் முதலில் அமெரிக்கா மீது போர் அறிவித்தது. ஐரோப்பியப் போருக்குள் கடைசி அடியை எடுத்து வைக்கும் வேலையை ஹிட்லரே செய்துகொடுத்தார்.

அந்த மையத்தில் கடைசி இரண்டு மாதச் சம்பளம் எனக்கு வரவில்லை. கேட்டபோது, மாணவர்கள் வீடியோவில் படிக்கிறார்கள், நேரில் ஆள் குறைவு என்றார்கள். நோட்ஸ் மட்டும் என் பெயரை எடுத்துவிட்டுப் பிடிஎஃப் ஆனது. இப்போது பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டு 180 ரூபாய்க்கு விற்கிறார்கள். நானே ஒரு பிரதி வாங்கினேன், பேரம் பேசியும் குறைக்கவில்லை. டியூப் கதையையும் ராங்கினையும் வெட்டியிருக்கிறார்கள். 1940 மட்டும் பத்திரமாக இருக்கிறது.

கேள்வியைத் திருத்த வசதி இருந்தால் 1941 என்று மாற்றிவிடுங்கள். பிடிஎஃப்-இல் 47-ஆம் பக்கம், மேலிருந்து மூன்றாவது வரி.