புளி போட்டுத் துலக்கிய பித்தளை கடற்காற்றில் பச்சை பூப்பது ஏன்?

வணக்கம். மண்டபம் ஊரில் கடலோரம் உள்ள உங்கள் வீட்டில், புளி போட்டுத் துலக்கிய பித்தளைக் குத்துவிளக்கு சில நாளிலேயே கறுத்துப் பச்சை பூப்பதாக எழுதி, புளியின் அமிலம் உலோகத்தில் ஒட்டி அதைக் காக்காதா என்று கேட்டிருந்தீர்கள். ஒட்டுவது உண்மைதான், ஆனால் காக்கும் விதத்தில் அது அடுக்கப்படுவதில்லை.

புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் ஆக்சைடு படலத்தைக் கரைத்து எடுப்பதால்தான் விளக்கு பளிச்சிடுகிறது. பிறகு எஞ்சும் மூலக்கூறுகளில் அமிலத்தன்மை தரும் பகுதியான கார்பாக்சில் தொகுதி தன் ஹைட்ரஜனை இழக்க, அதன் இரண்டு ஆக்சிஜன் அணுக்களும் பித்தளையிலுள்ள அடுத்தடுத்த செம்பு அணுக்களைப் பற்றிக்கொள்கின்றன. வெற்றிடத்தில் வைத்த தூய செம்புப் படிகத்தின்மேல் இந்த அமிலத்தின் இடக்கை, வலக்கை வடிவங்கள் ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமான ஒழுங்கில் அமைவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். இத்துறையில் என்னை மிகவும் கவர்ந்த முடிவு அது. உங்கள் விளக்கின் பரப்போ பலவகைப் படிகத் துணுக்குகளும் கீறல்களும் கலந்தது. தவிர, இம்மூலக்கூறு குட்டையானது. அதன் ஹைட்ராக்சில் தொகுதிகள் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தவை) நீரை ஈர்ப்பதால், உப்புக்காற்றின் குளோரைடு ஈரத்தோடு எளிதில் உள்ளே நுழைந்து, செம்பை அரித்துப் பச்சை பூக்க வைக்கிறது.

பன்னிரண்டு கார்பன் கொண்ட லாரிக் அமிலம் அப்படியன்று. அதன் தலையான கார்பாக்சில் தொகுதி உலோகத்தைப் பற்ற, வால்களான நீண்ட கார்பன் சங்கிலிகள் நெருக்கமாக நிமிர்ந்து நின்று நீரை விலக்குகின்றன. தேங்காய் எண்ணெயில் இது கொழுப்போடு பிணையாத தனித்த நிலையிலும் சிறிதளவு உண்டு.

ஆகவே துலக்கியபின் உவர்ப்புக் கிணற்று நீரைத் தவிர்த்து நல்ல தண்ணீரில் அலசி, முழுவதும் உலர்த்தி, தேங்காய் எண்ணெயை மெல்லிய துணியால் தடவி மிகுதியைத் துடைத்தெடுங்கள். தடிப்பாக விட்டால் அதே அமிலம் செம்பைக் கரைத்துப் பச்சைப் பிசுக்காக்கிவிடும்.