பழைய ஆர்கேட் கோல்ஃப் விளையாட்டு ஏன் இன்னும் ஈர்க்கிறது?

ஆர்கேட் கோல்ஃப் என்பது காசு போட்டு, நின்றபடியே ஆடும் பெட்டி விளையாட்டு. எனக்கு மிகவும் பிடித்தது, அமெரிக்காவின் இன்க்ரெடிபிள் டெக்னாலஜிஸ் நிறுவனம் 1989-இல் வெளியிட்ட ‘கோல்டன் டீ’ என்ற விளையாட்டு. திரையில் தெரியும் படம் இன்றைய கண்ணுக்குப் பழசுதான். ஆனால் அடிப்பதற்குப் பட்டனைத் தட்டும் வேலை இல்லை. பலகையில் பாதி புதைந்த, உருளும் பந்து ஒன்று இருக்கும். உள்ளங்கையால் அதைப் பின்னால் இழுத்து, சட்டென முன்னால் தள்ள வேண்டும். தள்ளும் வேகம்தான் அடியின் பலம். கை கொஞ்சம் கோணினால் திரையில் கோல்ஃப் பந்தும் கோணிப் போகும். தவறு நம் கையில்தான் என்று உடனே தெரிந்துவிடும். அதனால் அடுத்த அடியிலேயே சரிசெய்துவிட மனம் துடிக்கும். அந்தத் துடிப்புதான் இதன் உயிர்.

மலேசியாவின் பினாங்கு லிட்டில் இந்தியாவில் தே தாரிக் என்ற இழுத்து ஆற்றும் பால் தேநீரை ஆற்றும் அண்ணனைப் பாருங்கள். நம்மோடு பேசிக்கொண்டே ஒரு முழ உயரத்திலிருந்து இழுப்பார், ஒரு சொட்டு சிந்தாது. அளவு அவர் கையில் இருக்கிறது. இந்த விளையாட்டும் அப்படித்தான், ஆட ஆடக் கைக்கு வரும்.

கோல்ஃப் தெரிந்தவர்களுக்குத்தான் இது சரிப்படும் என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி இல்லை, மைதானத்தையே மிதிக்காதவரும் தாராளமாக ஆடலாம். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று திரையில் பார்த்துக்கொள்ளுங்கள், மீதியை உள்ளங்கை கற்றுக்கொள்ளும்.