நின்ற காரும் பதினொரு எரர் கோடுகளும்: கேள்வி-பதில்

கேள்வி: என் கார் பதினான்கு மாதம் ஷெட்டிலேயே நின்றது. பேட்டரி இறங்கிவிட்டதால் இன்னொரு வண்டியிலிருந்து ஜம்ப் ஸ்டார்ட் போட்டோம். இன்ஜின் ஓடுகிறது. ஆனால் டாஷ்போர்டில் எல்லா விளக்கும் எரிகிறது. ஸ்கேன் போட்டதில் பதினொரு எரர் கோடுகள் (பழுதுக் குறியீடுகள்). யு0100, யு0121, பி0562, பி0113, பி0102 எல்லாம் அதில் இருக்கின்றன. இன்ஜின் கம்ப்யூட்டர் போய்விட்டது என்று ஒர்க்‌ஷாப்பில் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். மாற்றட்டுமா?

பதில்: மாற்றாதீர்கள். முன்பணமும் கொடுக்காதீர்கள்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது நிறுத்திய வண்டியில் பதினொரு பாகங்கள் ஒன்றாகக் கெட்டுப்போவதில்லை. காரணம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். நீங்கள் எழுதிய ஐந்தையே பாருங்கள். பி0562 என்றால் வண்டிக்குக் கிடைக்கும் வோல்டேஜ் குறைவு. யு0100 என்பது இன்ஜின் கம்ப்யூட்டர் பதில் சொல்லவில்லை என்று வண்டியில் இருக்கும் மற்ற கம்ப்யூட்டர்கள் எழுதிவைத்த புகார். யு0121 பிரேக்கைக் கவனிக்கும் ஏ.பி.எஸ். கம்ப்யூட்டரைப் பற்றிய அதே புகார். இறங்கிப்போன பேட்டரியோடு செல்ஃப் போடும்போது வோல்டேஜ் சட்டென்று விழும். அந்த நொடியில் ஒரு கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தாலே போதும், மற்றவை புகார் எழுதிவிடும். கம்ப்யூட்டர் அடியோடு போயிருந்தால் இன்ஜின் எப்படி ஓடுகிறது? எஸ்டிமேட் எழுதியவரிடம் இதைக் கேளுங்கள்.

முதலில் பதினொரு கோடுகளையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கோட் பதிவான நேரத்து ஆர்.பி.எம்., இன்ஜின் சூடு இவற்றை ஸ்கேனர் காட்டினால் போட்டோ எடுத்துவையுங்கள். அப்புறம் பேட்டரியைச் சார்ஜரில் போட்டு முழுதாகச் சார்ஜ் ஏற்றுங்கள். ஓடினால் தானாக ஏறிவிடும் என்று விடாதீர்கள். அடிமட்டத்துக்கு இறங்கிய பேட்டரியை நிரப்பப் போய், ஓடும்போது கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கெடலாம். சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டர் வைத்தால் 12.6 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டும். 12-க்கும் கீழே வந்துவிட்டால் பேட்டரி முடிந்தது. செல்ஃப் போடும்போது 9.6-க்குக் கீழே போகக் கூடாது. இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வரை இருக்கும். டெர்மினலில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் சுரண்டி எடுங்கள். எர்த் வயரின் முனையையும் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் கோடுகளை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

யு வரிசையும் பி0562-ம் திரும்ப வராது என்பது என் கணிப்பு. பி0113-ம் பி0102-ம் வரலாம். ஒன்று இன்ஜினுக்குள் போகும் காற்றின் சூட்டையும், மற்றது அதன் அளவையும் பார்க்கும் சென்சார். பல வண்டிகளில் இரண்டும் ஒரே உறைக்குள், ஒரே பிளக்கில் இருக்கும். ஆகவே இரண்டும் சேர்ந்து வந்தால் சென்சாரைவிட அந்தப் பிளக் மீதும் வயர் மீதும்தான் எனக்குச் சந்தேகம். ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் காற்றின் சூடு மைனஸ் 40 டிகிரி என்று காட்டினால் வயர் எங்கோ அறுந்திருக்கலாம். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். மாதக்கணக்கில் நின்ற வண்டிகளில் பஞ்சும் கந்தலும் எலிப்புழுக்கையுமாக ஒரு கூடே அதற்குள் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து வயரில் மேலுறை உரிந்து, பல் பட்ட இடத்தில் செம்பு பளபளக்கும். இரண்டு வயரை ஒட்டுவதற்கு யாரும் புதுக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டியதில்லை.

கேள்வி: கோடுகளை அழித்துவிட்டால் போதாதா?

பதில்: போதாது. விளக்கு அணையும், பழுது அப்படியே இருக்கும்.

கேள்வி: எட்டு மாதம் நின்ற கார். பி0171 வந்தது, ஆக்சிஜன் சென்சார் வாங்கி மாற்றினேன். பிறகு சிலிண்டர்களில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பி0300 வந்தது, நான்கு இக்னிஷன் காயில்களையும் ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்றினேன். இன்னும் விளக்கு எரிகிறது. இப்போது ஃபியூயல் பம்ப் ஆர்டர் போட்டிருக்கிறேன். சரிதானே?

பதில்: சரியில்லை. ஆர்டரை ரத்து செய்யுங்கள். இவ்வளவு வாங்கியிருக்கிறீர்கள், எதையாவது ஒருமுறை அளந்து பார்த்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. டேங்கில் இருப்பது எட்டு மாதப் பழைய பெட்ரோலா என்பதைக்கூடச் சொல்லவில்லை.

எரர் கோட் என்பது ஸ்பேர் பார்ட்டின் பெயர் என்று வாங்குகிறவர்களும் நம்புகிறார்கள், விற்கிறவர்களும் நம்பவைக்கிறார்கள். எனக்கு நெடுநாளாகப் பொறுக்க முடியாத விஷயம் இது. முதல் எழுத்து பி (P) என்றால் இன்ஜின், கியர் பாக்ஸ் சம்பந்தப்பட்டது. யு என்றால் கம்ப்யூட்டர்களுக்கு இடையிலான பேச்சு. அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் பொதுவான கோட், 1 என்றால் பெரும்பாலும் அந்தத் தயாரிப்பாளரின் சொந்தக் கோட். இவ்வளவும் எங்கே தேட வேண்டும் என்பதற்கான அடையாளம் மட்டுமே. பி0171 சொல்வது, காற்றோடு சேரும் பெட்ரோல் போதவில்லை என்பதைத்தான். அதைக் கண்டுபிடித்துச் சொன்னதே ஆக்சிஜன் சென்சார். நீங்களோ புகார் கொடுத்தவனையே பிடித்து வெளியே தள்ளியிருக்கிறீர்கள்.

இதை நானும் செய்திருக்கிறேன். ஒரு வருடம் நின்ற என் பழைய காரில் இதே பி0171. முதலில் ஆக்சிஜன் சென்சார், அடுத்து காற்றளவு சென்சார், இரண்டையும் வாங்கினேன். கடைசியில் வயதான ஒரு மெக்கானிக் இன்ஜினின் பின்பக்கம் கைவிட்டு, விரல் நீளத்துக்கு ஒரு ரப்பர் ஹோஸை உருவி எடுத்து என் எதிரில் வளைத்துக் காட்டினார். நேராக இருந்தபோது ஒன்றும் தெரியவில்லை. வளைத்ததும் வாய் பிளந்தது. நான் கழற்றிப் போட்ட பழைய சென்சார்கள் இரண்டும் நல்லவை. பெட்டி பிரித்த மின்சாரப் பாகத்தைத் திரும்ப எடுப்பதில்லை என்று கடையில் சொல்லிவிட்டார்கள். அந்தப் பணம் போனது போனதுதான்.

ஒர்க்‌ஷாப்பில் ஒரு பார்ட்டை மாற்றச் சொன்னால், எதை அளந்து இந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதை எஸ்டிமேட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய பார்ட்டையும் கேட்டு வாங்குங்கள். அளந்து பார்த்தவருக்கு எழுதித் தருவதில் ஒரு கஷ்டமும் இல்லை.

உங்கள் காருக்கு வருகிறேன். பழைய பெட்ரோலை இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். பிறகு ஸ்கேனரில் ஃபியூயல் ட்ரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கைப் பாருங்கள். ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) அது அதிகமாக இருந்து, 2500 ஆர்.பி.எம்.மில் இறங்கினால், ஹோஸ் வழியாகக் காற்று கசிகிறது. ஐடிலில் சரியாக இருந்து ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது ஏறினால்தான் ஃபியூயல் ஃபில்டரையும் பம்ப்பையும் சந்தேகப்பட வேண்டும். செக் இன்ஜின் விளக்கு சிமிட்டத் தொடங்கினால் உடனே வண்டியை ஓரம் கட்டுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை உருக்கிவிடும்.

கேள்வி: ஒரு வருடமாக ஓடாத காரை வாங்கினேன். ஸ்கேனர் கொண்டுபோய்ப் பார்த்தபோது ஒரு கோட் கூட இல்லை. ஐந்தாம் நாள் விளக்கு எரிந்தது. 'கொடுக்கும்போது நன்றாகத்தான் இருந்தது' என்கிறார் விற்றவர். கவனமில்லாமல் வாங்கியது உன் தப்பு என்கிறார்கள் வீட்டில்.

பதில்: தப்பு உங்களுடையது இல்லை அம்மா. ஸ்கேனர் கொண்டுபோகும் அளவுக்குக் கவனமாகத்தான் இருந்திருக்கிறீர்கள். நீங்கள் வருவதற்குச் சற்று முன் யாரோ கோடுகளை அழித்திருக்கலாம்.

அழித்தால் தடம் இருக்கும். வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் சில சோதனைகள் உண்டு, ஸ்கேனரில் 'ரெடினெஸ்' என்று வரும். கோட் அழிக்கப்பட்டதும் அவை 'முடியவில்லை' என்ற நிலைக்குத் திரும்பிவிடும். சரியாக முடிய பல நாள் ஓட்டம் தேவை. கோட் அழித்த பிறகு ஓடிய தூரத்தையும் பல வண்டிகள் காட்டும். பேட்டரியைக் கழற்றினாலும் பல வண்டிகளில் இப்படி ஆகும் என்பதால், நின்ற காரை விற்பவர் 'புதுப் பேட்டரி போட்டேன்' என்பார். அதுவும் உண்மையாக இருக்கலாம். அப்படிப்பட்ட காரைச் சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி காட்டச் சொல்வதுதான் பாதுகாப்பு. அமெரிக்காவில் 2010 மாடல்களிலிருந்து விதிப்படி வரத் தொடங்கிய நிரந்தரக் கோடுகளை ஸ்கேனராலும் அழிக்க முடியாது, பேட்டரியைக் கழற்றினாலும் போகாது. உங்கள் வண்டியில் அந்த வசதி இருந்தால் அதையும் பாருங்கள்.

இப்போது எதையும் அழிக்காதீர்கள். கோட் அழித்த பிறகு ஓடிய தூரக் கணக்கை இன்றே போட்டோ எடுங்கள். வாங்கிய பிறகு நீங்கள் ஓட்டியதும் அதுவும் ஏறத்தாழ ஒத்துப்போனால், அழித்தது விற்பனைக்குச் சற்று முன்புதான். வாங்கும்போது ஓடோமீட்டரில் இருந்த கணக்கு, விற்பனை விளம்பரம், விற்றவரோடு நடந்த பேச்சு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். சம்பந்தமில்லாத வேறொரு ஒர்க்‌ஷாப்பில் எழுத்தில் அறிக்கை வாங்கி, அதைச் சேர்த்து விற்றவருக்கு எழுத்திலேயே அனுப்புங்கள். போனில் பேசாதீர்கள்.

கேள்வி: இரண்டு வருடப் பெட்ரோல் டேங்கில் இருக்கிறது. பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. அது நிறுத்துவதற்கு முன் ஊற்ற வேண்டியது. இறக்கிவிடுங்கள்.

கேள்வி: மலிவான புளூடூத் ஸ்கேனர் வாங்கலாமா? 'இ.எல்.எம்.327 பதிப்பு 1.5' என்று போட்டிருக்கிறது.

பதில்: கோட் படிக்கும். ஆனால் இ.எல்.எம்.327 என்பது ஸ்கேனருக்குள் இருக்கும் சிப், அதன் அசல் தயாரிப்பாளர் 1.5 என்று ஒரு பதிப்பு வெளியிட்டதே இல்லை, அதனால் போலி என்று தெரிந்தே வாங்குங்கள். யு வரிசைக் கோடுகளையும் ஏ.பி.எஸ்., ஏர்பேக் கோடுகளையும் பார்க்க எல்லாக் கம்ப்யூட்டர்களையும் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். அதை இரவல் வாங்கினாலும் போதும்.

கேள்வி: வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் பேட்டரி இறங்காதுதானே?

பதில்: இறங்கும். ஸ்டார்ட் செய்ய எடுத்த சார்ஜே ஐந்து நிமிட ஐடிலில் சரியாகத் திரும்பாது. போதாததற்கு, சூடேறாத இன்ஜினில் தண்ணீர் ஆயிலோடு சேரும். பூட்டி நிற்கும் வண்டியும் கரண்ட் எடுத்துக்கொண்டேதான் இருக்கும். 50 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 1.2 ஆம்பியர் மணி. 60 ஆம்பியர் மணி பேட்டரி இருபத்தைந்து நாளில் பாதியாகிவிடும். நிறுத்திவைக்கும் வண்டிக்கென்றே விற்கும் மெயின்டெய்னர் சார்ஜரை மாட்டுங்கள். நான் வாங்கியவற்றில் ஒருநாளும் வருத்தப்படாத பொருள் அது.

கேள்வி: நின்ற காரின் டயரில் பட்டன் நன்றாக இருக்கிறது. அப்படியே ஓட்டலாமா?

பதில்: பட்டனைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 1413 என்றால் 2013-ம் ஆண்டு பதினான்காம் வாரம் செய்தது. அந்த வயதில் இருந்தால் ஓட்டாதீர்கள்.