டிஜிட்டல் இயந்திரம் வாங்கலாமா? ஓர் அச்சக உரிமையாளருக்குப் பதில்

கேள்வி: கும்பகோணத்தில் அப்பா காலத்திலிருந்து ஆஃப்செட் அச்சகம் நடத்துகிறோம். 200, 300 கல்யாணப் பத்திரிகை கேட்பவர்கள் இப்போது டிஜிட்டல் கடைக்குப் போய்விடுகிறார்கள். பில் புக் ஆர்டரும் குறைந்துவிட்டது. கடன் வாங்கியாவது டிஜிட்டல் இயந்திரம் போட்டுவிடலாமா?

பதில்: இப்போதைக்குக் கடன் வேண்டாம். முதலில் போன வருட பில்களை எடுத்து, எந்த ஜாப்பில் கையில் காசு நின்றது என்று பாருங்கள்.

பிளேட் என்ற அச்சுத் தகடு, மிஷின் செட்டிங், அதில் போகும் வேஸ்ட் ஷீட் எல்லாம் ஆஃப்செட்டில் 200 பிரதிக்கும் 5,000 பிரதிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். டிஜிட்டலில் பிளேட் கிடையாது. ஆனால் அடிக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் கிளிக் சார்ஜ் என்ற கட்டணம் விழும். ஆகவே ஏதோ ஓர் எண்ணிக்கைக்குக் கீழே அவர்கள் மலிவு, மேலே நீங்கள் மலிவு. உங்கள் ஊர் விலையில் அந்த எண் எது என்று கணக்குப் போடுங்கள். அதற்குக் கீழே வரும் ஜாப்பைத் திருப்பி அனுப்பாமல், டிஜிட்டல் கடையில் அடித்து வாங்கிக் கொடுங்கள். ஆறு மாதத்தில் இயந்திரம் தினமும் ஓடும் அளவுக்கு வேலை சேர்ந்தால் அப்புறம் கடனைப் பற்றி யோசிக்கலாம். பில் புக்கை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். அது கணினி பில்லிங்குக்குப் போன வேலை, எந்த இயந்திரம் வாங்கினாலும் திரும்பாது.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் கேமரா பிலிம் கம்பெனி கோடாக். டிஜிட்டல் கேமராவையே முதலில் செய்தவர் அதன் பொறியாளர் ஸ்டீவன் சாசன்தான், 1975-இல். 3.6 கிலோ எடை, ஒரு படம் கேசட்டில் பதிய 23 விநாடி. பிற்பாடு கோடாக் டிஜிட்டல் கேமராக்களை நிறையவே விற்றது. ஆனால் பிலிம், பிரிண்ட் காகிதம், கழுவும் ரசாயனம் என்று திரும்பத் திரும்ப வந்த லாபம் கேமராவில் வரவில்லை. 2012 ஜனவரியில் திவால் மனு போட்டது. புதிய இயந்திரம் கையில் இருந்தும் பழைய வருமானத்துக்கு ஈடு கிடைக்கவில்லை.

அதே அடியை வாங்கிய ஜப்பானின் ஃபியூஜிஃபிலிம், பிலிம் செய்வதற்குள் என்னென்ன கைத்திறமை இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தது. மெல்லிய படலம் செய்யத் தெரியும், பிலிமிலும் நம் சருமத்திலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் தெரியும், படம் நிறம் மங்காமல் காக்கத் தெரியும். முதலாவது எல்சிடி திரைகளுக்கான படலமாகப் பெரிய வியாபாரம் ஆனது. மற்ற இரண்டும் 2007-இல் அஸ்டாலிஃப்ட் என்ற சருமப் பராமரிப்புப் பொருட்களாக வந்தன.

நீங்களும் அப்படிப் பிரித்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான ஷீட்டில் நிறம் மாறாமல் அடிப்பது, லேமினேஷன், ஃபாயில், கட்டிங் எல்லாம் உங்கள் ஆட்களுக்குக் கைவந்த வேலை. பத்திரிகை வாட்ஸ்அப்பில் போய்விடும், ஸ்வீட் பெட்டி போகாது. இனிப்புக் கடைக்கும் மசாலா கம்பெனிக்கும் பெட்டி ஆயிரக்கணக்கில் வேண்டும், அது ஆஃப்செட் ஜெயிக்கும் எண்ணிக்கை. உணவு படும் உட்பக்கத்தில் மட்டும் மை படக்கூடாது. அட்டையைப் பெட்டி வடிவத்துக்கு வெட்டும் டை கட்டிங்கை முதலில் வெளியே கொடுத்துச் செய்யுங்கள். உங்களிடம் ஏற்கெனவே லேபிள் அடிக்கும் கடைக்காரர் யாராவது இருந்தால், ஒரு மாதிரிப் பெட்டியோடு இந்த வாரமே அவரைப் போய்ப் பாருங்கள்.