விளக்கு எரிவதால் பேட்டரி சார்ஜ் ஆகிறது என்று அர்த்தமில்லை

கேள்வி: 1978-ல் தயாரான அமெரிக்க மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டி) ஒன்று வாங்கியிருக்கிறேன். வெளியிலிருந்து கரண்ட் கொடுத்தால் உள்ளே விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன. கழற்றினால் அரை மணி நேரத்தில் மங்கிவிடுகின்றன. உள்பகுதிக்கான பேட்டரி போன மாதம்தான் புதிதாகப் போட்டது. படுக்கைக்கு மேலே உள்ள விளக்கு மட்டும் எப்போதுமே மங்கல்தான். மொத்த வயரிங்கையும் மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு ஒரு வயரைக்கூட வெட்டாதீர்கள். நீங்கள் சொல்வது இரண்டு தனிப் பழுதுகள் என்றுதான் தோன்றுகிறது. இரண்டையும் வோல்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டரை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

உங்கள் வண்டியில் மூன்று மின்னமைப்புகள் இருக்கின்றன. இன்ஜினையும் ஹெட்லைட்டையும் கவனிக்கும் 12 வோல்ட் ஒன்று. உள்ளே விளக்கு, தண்ணீர் பம்பு, ஹீட்டர் ஃபேனுக்கு இன்னொரு 12 வோல்ட். மூன்றாவது, வெளியிலிருந்து வரும் 120 வோல்ட். 120 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கித் தருவது கன்வெர்ட்டர். வண்டி ஓடும்போது, இன்ஜினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து உள்பகுதி பேட்டரிக்குச் சார்ஜ் போக வழிவிடுவது ஐசொலேட்டர். பழைய வண்டிகளில் பழுது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான் ஒளிந்திருக்கும், இல்லையென்றால் எர்த்தில், அதாவது வண்டியின் இரும்புச் சட்டம் வழியாகப் பேட்டரி நெகட்டிவ்வுக்குத் திரும்பும் இணைப்பில்.

முதல் பழுதுக்கு வருவோம். அந்தக் காலத்துக் கன்வெர்ட்டர்கள் பலவற்றில் உள்ளே ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் ஒன்று இருக்கும். வெளிக் கரண்ட் வந்ததும் அது விளக்குகளைப் பேட்டரியிலிருந்து பிரித்துக் கன்வெர்ட்டருக்கு மாற்றிவிடும். பேட்டரிக்குச் சார்ஜ் போவது தனிப் பாதை. அந்தப் பாதை செத்துப்போனாலும் விளக்குகள் ஜோராக எரியும். அதனால்தான் பலர் பேட்டரி கெட்டுவிட்டது என்று நினைத்து மேலும் மேலும் புதிது வாங்குகிறார்கள்.

இப்படிச் சோதியுங்கள். வெளிக் கரண்டைக் கழற்றி, எல்லாவற்றையும் அணைத்து, சில மணி நேரம் விட்டுப் பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். சாதாரண லெட் ஆசிட் பேட்டரியில் 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. பிறகு வெளிக் கரண்டை மாட்டி, கால் மணி நேரம் கழித்து அதே முனைகளில் மறுபடி அளங்கள். 13 வோல்ட்டைத் தாண்டினால் சார்ஜ் போகிறது. அளவு அசையவே இல்லையென்றால் கன்வெர்ட்டரின் சார்ஜ் பகுதி, அதன் ஃபியூஸ், பேட்டரிக்குப் போகும் வயர் என்று வரிசையாகப் பாருங்கள். நாள்கணக்கில் 14-க்கு மேலேயே நின்றால் அதுவும் கெடுதல்தான். பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றிவிடும்.

அப்புறம் வெளிக் கரண்டைக் கழற்றிவிட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்து அதே முனைகளில் இன்னொரு முறை அளங்கள். ஏறவில்லையென்றால் ஐசொலேட்டரைப் பாருங்கள். அது சோலனாய்டு (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) வகையாக இருந்து, மாற்ற வேண்டி வந்தால் ஒரு விஷயத்தில் கவனம் தேவை. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கான சோலனாய்டும் பார்க்க அச்சு அசலாக இதே மாதிரி இருக்கும். ஆனால் அது சில நொடிகள் மட்டுமே இயங்குவதற்காகச் செய்தது. மணிக்கணக்கில் இயங்கவிட்டால் சூடாகிக் கருகிவிடும். தொடர்ந்து இயங்கும் வகைதானா என்று கேட்டு வாங்குங்கள்.

படுக்கை விளக்குக்கு நான் முதலில் சந்தேகப்படுவது எர்த்தைத்தான். விளக்கை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ்விலும் மறுமுனையை விளக்கின் நெகட்டிவ்விலும் வையுங்கள். ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் எங்கோ தடை இருக்கிறது. அந்த வயரைப் பிடித்துக்கொண்டே போனால் வண்டியின் சட்டத்தில் முறுக்கியிருக்கும் ஒரு போல்ட்டில் போய் முடியும். வெளியே பார்க்க இறுக்கமாகத்தான் இருக்கும். கழற்றினால் வயர் நுனியில் உள்ள வளையத்துக்கு அடியில் துருவும் பச்சைக் களிம்பும் படிந்திருக்கும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்துவிட்டு, உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, புது வளையம் போட்டு முறுக்குங்கள். மேலே கொஞ்சம் கிரீஸ் தடவிவிட்டால் ஈரம் ஏறாது. ஐம்பது வருடத்தை நெருங்கும் வண்டியில் இந்த ஒரு வேலை எத்தனையோ மர்மங்களைத் தீர்த்திருக்கிறது.

வயர் நிறத்தை நம்பாதீர்கள். அமெரிக்க மோட்டார்ஹோம்களில் உள்பகுதி 12 வோல்ட்டுக்குக் கறுப்பு பாசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ் என்று இருப்பது சகஜம். 120 வோல்ட் பக்கமும் கறுப்புதான் லைவ், வெள்ளை நியூட்ரல். காருக்குக் கறுப்பு என்றால் நெகட்டிவ் என்று பழகிய கை இங்கே ஏமாந்துவிடும். மீட்டர் வைத்துப் பார்க்காமல் எந்தக் கறுப்பு வயரையும் தொடாதீர்கள். ஃபியூஸ் அடிக்கடி போனாலும் பெரிய ஆம்பியர் போட்டுச் சமாளிக்காதீர்கள். அது வயருக்குப் பாதுகாப்பு, பெரிதாக்கினால் சுவருக்குள் வயர்தான் எரியும்.

கடைசியாக, வெளிக் கரண்டுக்கான 30 ஆம்பியர் ப்ளக். அது 120 வோல்ட்டுக்கு மட்டுமே. வடிவத்தையும் ஆம்பியரையும் பார்த்து 240 வோல்ட் சாக்கெட் என்று நினைத்து இணைப்புக் கொடுத்துவிடும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு. அப்படி மாட்டினால் கன்வெர்ட்டர், ஃபிரிட்ஜ், ஏசி மூன்றும் ஒரே நொடியில் போய்விடும். புது இடத்தில் மாட்டுமுன் சாக்கெட்டை அளந்து பாருங்கள். 230 வோல்ட் உள்ள நாட்டில் இருந்தால் தகுந்த ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் மாட்டவே கூடாது.

பேட்டரியின் மூன்று அளவுகள், படுக்கை விளக்கின் எர்த் அளவு, கன்வெர்ட்டரின் மேல் ஒட்டியிருக்கும் மாடல் எண், இவற்றை எழுதி அனுப்புங்கள். கன்வெர்ட்டரைப் பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்று அதை வைத்துச் சொல்கிறேன்.