கதவைத் திறக்க மறுத்தவர்

வணக்கம்.

22 நிமிடக் குறும்படம் ஒன்றுக்குத் திரைக்கதை எழுதி முடித்திருக்கிறேன். நிலவில் ஒரு தளம், நான்கு பேர். கயல் உயிர்காப்புக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர். உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டே போவதை அவள்தான் முதலில் கண்டுபிடிக்கிறாள். தளத்தின் தலைவரிடம் போய்ச் சொல்கிறாள். அவர் ஒரு முடிவெடுத்து எல்லோரையும் காப்பாற்றுகிறார். கயலுக்கு இறந்துபோன ஒரு மகள் உண்டு. அந்த நினைவு இரண்டு இடங்களில் வருகிறது. படித்துப் பார்த்த நண்பர்கள், கயல் மட்டும் கதையோடு ஒட்டவில்லை என்கிறார்கள். பெக்டெல் சோதனையில் என் கதை தேறிவிடுகிறது. ‘ஏலியன்’ என்ற விண்வெளித் திகில் படத்தின் நாயகி ரிப்ளியை முதலில் ஆணாகத்தான் எழுதினார்கள் என்று எங்கோ படித்தேன். நானும் கயலை ஆணாக எழுதிவிட்டுப் பிறகு பெயரை மட்டும் மாற்றினால் சரியாகிவிடுமா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

சரியாகாது. நீங்கள் படித்த தகவலும் பாதிதான் உண்மை. டான் ஓ’பேனன் எழுதிய முதல் வரைவில் ரிப்ளி என்ற பெயரே இல்லை. கப்பலில் இருக்கும் யாரும் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம், எந்த வேடத்தையும் யாருக்கும் கொடுக்கலாம் என்று அதில் ஒரு குறிப்பு இருந்தது. வால்டர் ஹில்லும் டேவிட் கைலரும் திருத்தி எழுதியபோது பெயர்கள் மாறின; படப்பிடிப்புக்குப் போன கதையில் ரிப்ளி பெண்தான்.

1979இல் வந்த அந்தப் படத்தில் கப்பலில் ஏழு பேர். எல்லோரையும் ஒற்றைப் பெயரிலேயே கூப்பிடுகிறார்கள், எல்லோருக்கும் ஒரு பதவி இருக்கிறது. டல்லஸ் கேப்டன், கேன் அடுத்த அதிகாரி, ரிப்ளி மூன்றாவது. இயந்திர அறையில் இருக்கும் இருவர் தங்களுக்கு ஊக்கத்தொகை குறைவு என்று சாப்பாட்டு மேஜையிலேயே முறையிடுகிறார்கள். வேலைக்கு வந்தவர்கள் பேசுகிற பேச்சு அது. ரிப்ளி மனுஷியாக நிற்பதற்கு இந்தத் தரைதான் காரணம்.

அந்தக் கதவுக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கேனின் முகத்தில் ஏதோ ஓர் உயிர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டல்லஸும் லாம்பர்ட்டும் அவரைத் தூக்கிக்கொண்டு ஏர்லாக்குக்குள், அதாவது கப்பலின் வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் இடையிலுள்ள அறைக்குள், வந்து நிற்கிறார்கள். உள்கதவு மூடியிருக்கிறது. முதல் இரண்டு அதிகாரிகளும் வெளியே இருப்பதால் கப்பலின் பொறுப்பு அந்த நேரத்தில் ரிப்ளியிடம். 24 மணி நேரம் தனிமைப்படுத்த வேண்டும் என்பது விதி. அதற்குள் கேன் செத்துப்போகலாம் என்கிறார் டல்லஸ். திறக்கச் சொல்லி உத்தரவே போடுகிறார். ரிப்ளி மறுக்கிறார். பக்கத்தில் இருக்கும் அறிவியல் அதிகாரி ஆஷ் பொத்தானை அழுத்திக் கதவைத் திறந்துவிடுகிறார். பின்னால் நடக்கும் அத்தனை சாவுக்கும் வழி அந்தத் திறப்பில்தான் இருக்கிறது.

அந்தச் சில நிமிடங்களில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ரிப்ளிக்கு விதி தெரியும். முடிவெடுக்கும் அதிகாரம் அவர் கையில் இருக்கிறது. அந்த முடிவுக்கு ஒரு சக ஊழியரின் உயிர் விலை. தன்னைவிடப் பெரிய பதவியில் இருப்பவரின் முகத்துக்கு நேராக மறுக்கிறார். அந்த நேரத்தில் அவர்மேல் நமக்குக் கோபம்தான் வருகிறது. அதைத் தணிக்க இயக்குநர் ரிட்லி ஸ்காட் ஒரு கண்ணீரையோ பழைய நினைவையோ நுழைக்கவில்லை. ஒரு பெண் பாத்திரத்தைப் பார்வையாளர் சற்று நேரம் வெறுத்தாலும் பரவாயில்லை என்று விடுவதற்குத் துணிச்சல் வேண்டும். பெரும்பாலான திரைக்கதைகள் தவறுவது இங்கேதான்.

கப்பலில் இன்னொரு பெண்ணும் இருக்கிறார் என்பதையும் கவனியுங்கள். லாம்பர்ட் அஞ்சுகிறார், அழுகிறார், சீக்கிரம் தப்பிவிடலாம் என்கிறார். தப்பும் விண்கலம் நான்கு பேரைத் தாங்காது என்று ரிப்ளி சொன்னதும், சீட்டுப் போட்டுப் பார்க்கலாமே என்கிறார். தனியொரு பெண் மட்டும் இருந்திருந்தால் அந்த அச்சம் மொத்தப் பெண் இனத்தின் அச்சமாகத் தெரிந்திருக்கும். இருவர் இருப்பதால் அது லாம்பர்ட்டின் அச்சம் மட்டுமே.

குறையும் உண்டு. கடைசியில் ரிப்ளி உள்ளாடையோடு நிற்கும் இடம். உறக்கப் பேழைக்குள் போகப்போகிறவர் உடையைக் களைவதற்குக் கதையில் காரணம் இருக்கிறது. ஆனால் கேமரா நிற்கும் உயரத்துக்குக் காரணம் இல்லை. திரைக்கதையில் சரியாக எழுதியதைப் படப்பிடிப்பில் கெடுக்கலாம். உங்கள் ஒளிப்பதிவாளரிடம் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பெக்டெல் சோதனையை 1985இல் அலிசன் பெக்டெல் ஒரு சித்திரக்கதையில் வரைந்தார். இரண்டு பெண்கள் இருக்க வேண்டும், ஒருவரோடொருவர் பேச வேண்டும், பேச்சு ஆணைப் பற்றியதாக இருக்கக் கூடாது. அதில் தேறிய படமாக அந்தக் கதையிலேயே வருவது ‘ஏலியன்’தான். நூறு படங்களைச் சேர்த்து வைத்துத் திரைத்துறை எப்படி இருக்கிறது என்று பார்க்க அது நல்ல அளவுகோல். ஒரே ஒரு கதையின் தரத்தை அது சொல்லாது. ‘கிராவிட்டி’ (2013) அதில் தேறாது; ஆனால் படம் முழுவதையும் சுமப்பது ஒரு பெண்.

‘கிராவிட்டி’யைச் சொன்னதும் உங்கள் கயலின் மகள் நினைவுக்கு வருகிறாள். அந்தப் படத்தின் நாயகி மகளை இழந்தவர். ‘அரைவல்’ (2016) மொழியியலாளர் லூயிஸும் அப்படியே. ‘ஏலியன்’ படத்தின் தொடர்ச்சியான ‘ஏலியன்ஸ்’ (1986) படத்தில் ரிப்ளி 57 ஆண்டு உறங்கி எழுந்து, மகள் முதுமையடைந்து இறந்துவிட்டதை அறிகிறார். விண்வெளிக்குப் போகும் பெண்ணுக்கு ஒரு குழந்தையின் சாவை அனுமதிச் சீட்டுபோலத் திரும்பத் திரும்பக் கொடுக்கிறார்கள். ‘அரைவல்’ மட்டும் இதில் விலக்கு. அங்கே மகளை எடுத்துவிட்டால் கதையே இல்லை, காலத்தைப் பற்றிய அதன் புதிர் முழுவதும் மகள்மேல் கட்டியது. ‘ஏலியன்ஸ்’ முதலில் திரைக்கு வந்தபோது மகள் பற்றிய காட்சி வெட்டப்பட்டிருந்தது. பிறகு வந்த நீண்ட வடிவத்தில்தான் சேர்த்தார்கள். வெட்டிய வடிவமே வலுவானது என்பது என் கணிப்பு. அந்தப் படத்தில் வரும் ஆதரவற்ற சிறுமியைக் காப்பாற்ற, ரிப்ளி ஒரு மகளைப் பறிகொடுத்திருக்க வேண்டியதில்லை.

அதே படத்தில் கற்றுக்கொள்ள வேண்டியது பவர் லோடர், ஆள் உள்ளே நின்று ஓட்டும் சரக்குத் தூக்கி. தொடக்கத்தில், சும்மா இருக்கப் பிடிக்காமல், அந்த இயந்திரத்தை ஓட்ட எனக்கு இரண்டாம் வகுப்பு உரிமம் இருக்கிறது என்கிறார் ரிப்ளி. ஏறி ஒரு சரக்குப் பெட்டியைத் தூக்கிக் காட்டுகிறார். இறுதிச் சண்டையில் அவர் மாட்டிக்கொண்டு வருவது அதே இயந்திரம். சரக்கு ஏற்றும் கூலி வேலையில் பழகிய திறமை அது. தொடக்கத்தில் இந்தச் சிறு காட்சி இல்லாவிட்டால் கடைசிக் காட்சியை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

இதற்கு நேர்மாறு வேண்டுமென்றால் ‘எந்திரன்’ (2010). சனா மருத்துவ மாணவி. அந்தப் படிப்பு கதையை எந்த இடத்திலாவது திருப்புகிறதா? ரோபோ சிட்டியின் உதவியோடு தேர்வு எழுதுகிறார், அவ்வளவுதான். மற்றபடி சிட்டி காதலிப்பதற்கும் கடத்துவதற்கும் ஒருவர் தேவைப்படுகிறார். இன்னும் வலிப்பது தீ விபத்துக் காட்சி. குளித்துக்கொண்டிருந்த பெண்ணைச் சிட்டி உடையில்லாமலே தூக்கி வந்து கேமராக்களுக்கு முன்னால் நிறுத்துகிறது. அவர் அவமானத்தில் ஓடி வண்டியில் அடிபட்டுச் சாகிறார். அதற்குப் பிறகுதான் சிட்டிக்கு உணர்ச்சியைக் கற்பிக்க அதை உருவாக்கிய வசீகரன் முனைகிறார். ஒரு பெண்ணின் உயிர், இயந்திரத்தின் பாடத்துக்கான செலவாகிவிடுகிறது.

இனி உங்கள் கயல். கடிதத்தையே திரும்பப் படியுங்கள்: தலைவர் ‘முடிவெடுக்கிறார்’, கயல் ‘கண்டுபிடிக்கிறாள்’. இருவரும் ஒரே தளத்தில் வேலை பார்ப்பவர்கள். தமிழில் எழுதும்போது விகுதியிலேயே பதவி இறங்கிவிடுகிறது. திரைக்கதையின் குறிப்புகள் முழுவதிலும் இருவருக்கும் ஒரே விகுதி போடுங்கள், ‘ஆர்’ என்றால் இருவருக்கும் ‘ஆர்’. நடிகர்களும் இயக்குநரும் படிப்பது அந்தக் குறிப்புகளைத்தான்.

பிறகு ஒவ்வொரு காட்சியின் ஓரத்திலும், இங்கே முடிவெடுப்பது யார் என்று ஒரு பெயர் எழுதுங்கள். கயல் பெயர் ஒருமுறைகூட வராது என்று நினைக்கிறேன். அவர் செய்தி கொண்டுவருகிறார். கதையைத் திருப்புவது தலைவர். நண்பர்கள் ‘ஒட்டவில்லை’ என்பது இதைத்தான்.

நீங்கள் எடுத்த ஆபத்திலேயே தீர்வும் இருக்கிறது. கரியமில வாயு கூடினால் தலைவலி வரும், மந்தம் வரும், யோசனை தடுமாறும். அப்படியானால் தலைவரின் தீர்ப்பையே நம்ப முடியாது. ஒரே அளவை அவர் இரண்டு முறை படிக்கிறார் என்று காட்டுங்கள். அத்தகைய நேரத்தில் உத்தரவைத் தள்ளிவைக்கும் அதிகாரம் உயிர்காப்புப் பொறியாளருக்கு உண்டு என்பதை முதல் ஐந்து நிமிடத்திலேயே யாராவது போகிறபோக்கில் சொல்லிவிடட்டும். கயலின் மூளையும் அதே காற்றில்தான் இருக்கிறது. ஆகவே தன் முடிவு சரிதானா என்ற சந்தேகம் அவருக்கும் வர வேண்டும்.

வாயுவை உறிஞ்ச லித்தியம் ஹைட்ராக்சைடு நிரப்பிய டப்பாக்களைப் பயன்படுத்தலாம். 1970இல் அப்பல்லோ 13 வீரர்கள் சதுர டப்பாக்களை, வட்டமானவற்றுக்காகச் செய்த அமைப்போடு பிளாஸ்டிக் பையும் அட்டையும் ஒட்டு நாடாவும் வைத்து இணைத்ததும் இந்த வாயுவுக்காகத்தான். வேலை செய்துகொண்டிருக்கும் டப்பா கதகதப்பாக இருக்கும்; தீர்ந்தது ஆறிவிடும். முதல் காட்சியில் கயல் வழக்கம்போல டப்பாவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுப் போகட்டும். ஐந்தாவது காட்சியில் மானி இன்னும் பச்சையில் இருக்க, வைத்த கையை அவர் எடுக்காமல் நிற்கட்டும்.

மகளின் நினைவு வரும் இரண்டு இடங்களையும் எடுத்துவிட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். ஏதாவது உடைந்தால் மட்டும் திரும்ப வையுங்கள். திருத்திய வரைவை அனுப்புங்கள்.